‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’: எல்லையோரப் பொறியியல் பட்டதாரிகள் நிறுவனங்களிடம் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது எப்படி?

பாலக்காடு: பொறியியல் படிப்பை முடித்து முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் நேர்காணல் அறையில் பெரும்பாலும் முதலில் எதிர்கொள்வது ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்வியைத்தான். எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் தடுமாறுவோர் பலர். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வரும் பட்டதாரிகளுக்கு இத்தடுமாற்றம் சற்று அதிகம். இரண்டு மாநிலங்கள், மூன்று மொழிகள், வெவ்வேறு சான்றிதழ் முறைகள் ஆகியவற்றுக்கு நடுவே நின்று அவர்கள் தங்களை விளக்க வேண்டியுள்ளது.

இக்கேள்வியின் வாயிலாக நிறுவனம் எதை அறிய விரும்புகிறது, அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது, எல்லையோரப் பட்டதாரிகள் எவற்றில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும் என்பன குறித்து விரிவாகக் காண்போம்.

எல்லையோரத்தின் நிலை என்ன?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை ஆகிய வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர். தமிழ்வழிப் பள்ளிகளில் படித்து, பின்னர் ஆங்கிலவழிப் பொறியியல் கல்லூரிகளில் சேரும் மாணவர்கள் இப்பகுதிகளில் உள்ளனர்.

பொறியியல் கல்விக்கு இரு மாவட்டங்களிலும் கல்லூரிகள் உள்ளன. பாலக்காட்டில் 1960-இல் தொடங்கப்பட்ட என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரியும், ஸ்ரீகிருஷ்ணபுரம் அரசு பொறியியல் கல்லூரியும் இயங்குகின்றன. இடுக்கியில் பைனாவு அரசு பொறியியல் கல்லூரியும், மூணாறு பொறியியல் கல்லூரியும் உள்ளன. இவை 2014-இல் நிறுவப்பட்ட ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை இரு மாவட்டங்களின் நிலையும் வேறுபடுகிறது. பாலக்காட்டுப் பட்டதாரிக்குக் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை அருகிலேயே உள்ளது. வாளையாறு எல்லையைக் கடந்தால் பம்பு செட்டு, மோட்டார், வார்ப்படம், நெசவு இயந்திரங்கள் எனத் தொழில்கள் நிறைந்த கோயம்புத்தூர். பாலக்காட்டிலிருந்து அந்நகரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. இடுக்கியில் இதற்கு நேர்மாறான நிலை. ரயில் பாதையே இல்லாத அம்மாவட்டத்தின் மலைக் கிராமங்களிலிருந்து நேர்காணலுக்குச் செல்ல, போடிமெட்டு அல்லது குமுளி வழியாகத் தேனி மாவட்டத்திற்கோ, மறுபுறம் கொச்சிக்கோ மலையிறங்க வேண்டும்.

தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கு மற்றொரு நெருக்கடியும் உண்டு. தொழிலாளர்களுக்குத் தோட்ட நிர்வாகமே குடியிருப்பு வழங்க வேண்டும் என 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகைசெய்தது. இதன்படி வழங்கப்படும் லயத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. பெற்றோர் ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பதே நடைமுறை. ஆகவே, அவ்வீட்டுப் பிள்ளையின் முதல் வேலை மாதச் சம்பளம் பற்றியது மட்டுமன்று. குடும்பம் அடுத்து எங்கே குடியிருக்கும் என்ற கேள்வியும் அதில் அடங்கியுள்ளது.

இந்த அவசரத்தில்தான் பல இளைஞர்கள் ‘எந்த வேலையானாலும் செய்வேன்’ என்று கூறுகின்றனர். அவர்களின் தேவை உண்மையானது. ஆனால் அவ்விடையைக் கேட்கும் நிறுவனத்தால் அவர்களை எந்தப் பிரிவில் அமர்த்துவது என முடிவு செய்ய இயலுவதில்லை.

நிறுவனம் எதை அறிய விரும்புகிறது?

பெயர், தந்தை பெயர், பள்ளி, மதிப்பெண் ஆகியவை ஏற்கெனவே விண்ணப்பத்தில் உள்ளன. அவற்றை மீண்டும் ஒப்பிப்பதை நேர்காணல் நடத்துவோர் எதிர்பார்ப்பதில்லை. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்குள் மூன்று சிறு கேள்விகள் உள்ளன. ஒன்று, நீங்கள் எந்தத் துறையில், எந்த நிலையில் இருக்கிறீர்கள்? இரண்டு, நீங்களே செய்து முடித்த பணி எது? மூன்று, இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள்?

இம்மூன்றுக்கும் ஒன்று முதல் ஒன்றரை நிமிடத்திற்குள் விடை கூறினால் போதுமானது. ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாகச் செயல்படுபவன்’, ‘விரைவில் கற்றுக்கொள்பவன்’ போன்ற சொற்கள் எல்லா விண்ணப்பங்களிலும் காணப்படுபவை. எனவே அவை எவரையும் தனித்துக் காட்டுவதில்லை. செய்த ஒரு பணியைக் கூறினால், உழைப்பையும் கற்கும் திறனையும் கேட்பவரே உய்த்துணர்வார்.

வரலாறு கூறும் இரு எடுத்துக்காட்டுகள்

வேலை கேட்டுத் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட பொறியாளர்களில் உலகப் புகழ் பெற்றவர் லியொனார்டோ டாவின்சி. 1482-ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ 30 வயதில், அவர் இத்தாலியின் மிலான் நகர ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு ஒரு கடிதம் ஆயத்தம் செய்தார். அதன் வரைவு அந்நகரின் அம்புரோசியானா நூலகத்தில் ‘கோடெக்ஸ் அட்லான்டிகஸ்’ தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. எடுத்துச் செல்லத்தக்க பாலங்கள், அகழி நீரை வடித்தல், சுரங்கப் பாதைகள், பீரங்கிகள் எனத் தம்மால் செய்ய இயலும் பணிகளை அவர் எண்ணிட்டு வரிசைப்படுத்தினார். ஓவியத் திறனை இறுதியில்தான் குறிப்பிட்டார். போர்ச்சூழலில் இருந்த ஆட்சியாளருக்கு எது தேவை என்பதை அறிந்து அவர் அவ்வரிசையை அமைத்திருந்தார். கூறியவற்றில் ஐயம் இருப்பின் செய்து காட்ட ஆயத்தமாக உள்ளதாகவும் தெரிவித்தார்.

இரண்டாவது எடுத்துக்காட்டு தமிழகத்தைச் சேர்ந்தது. கணிதமேதை சீனிவாச ராமானுஜன் 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர் பணிக்கு விண்ணப்பித்தார். எஃப்.ஏ. தேர்வில் அவர் தேர்ச்சி பெற்றிருக்கவில்லை. அதனை அவர் மறைக்கவில்லை. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்துச் சூழ்நிலைகளால் தொடர இயலாமல் போனதையும், அதன்பின் முழு நேரமும் கணிதத்தில் ஈடுபட்டு வருவதையும் சுருக்கமாகக் கூறினார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையையும் இணைத்தார். அவருக்கு வேலை கிடைத்தது. அதே ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி பணியில் சேர்ந்தார்.

இவ்விருவரின் மேதைமையை அனைவரிடமும் எதிர்பார்க்க இயலாது. ஆனால் அவர்கள் பின்பற்றிய முறையை எவரும் பின்பற்றலாம். கேட்பவரின் தேவையை முதலில் வைப்பது, குறையைச் சுருக்கமாக ஒப்புக்கொள்வது, கூற்றுக்குச் சான்று இணைப்பது ஆகியவையே அம்முறை.

ஒரு மாதிரி அறிமுகம்

மூணாறு பகுதியைச் சேர்ந்த இயந்திரப் பொறியியல் பட்டதாரி ஒருவர், தொழிலக விசிறிகள் தயாரிக்கும் கோவை நிறுவனம் ஒன்றின் நேர்காணலுக்குச் செல்வதாகக் கொள்வோம். அவரது அறிமுகம் பின்வருமாறு அமையலாம்:

“வணக்கம். நான் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்தவன். இந்த ஆண்டு இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றேன். இறுதியாண்டில் மூவர் சேர்ந்து, தேயிலை வாட்டும் தொட்டிகளில் காற்றோட்டத்தை அளந்தோம். தொட்டியின் முழு நீளத்திலும் காற்று ஒரே அளவில் செல்லாததால் இலை சீராக வாடவில்லை என்று கண்டறிந்தோம். அளவீடும் கணக்கீடும் என் பொறுப்பு. காற்றைப் பிரித்து விடும் தகடு ஒன்றைச் சிறிய மாதிரியில் வைத்துச் சோதித்தோம். தொழிற்சாலையில் பொருத்திப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. உங்கள் நிறுவனம் தொழிலக விசிறிகளைத் தயாரிப்பதால் இப்பணிக்கு விண்ணப்பித்தேன். தமிழ், மலையாளம் ஆகிய இரண்டிலும் பேசவும் எழுதவும் தெரியும்.”

இந்த அறிமுகத்தில் கவனிக்கத்தக்கவை சில உள்ளன. குழுவின் பணியும் தன் பணியும் பிரித்துக் கூறப்பட்டுள்ளன. செய்யாததைச் செய்ததாகக் கூறவில்லை. நிறுவனத்தின் தயாரிப்புடன் பணி தொடர்புபடுத்தப்பட்டுள்ளது. மேலும், அடுத்து வரக்கூடிய கேள்விகளும் இதிலேயே அடங்கியுள்ளன. ‘எந்தக் கருவியால் அளந்தீர்கள்? எத்தனை இடங்களில் அளந்தீர்கள்?’ என்று அவர்கள் கேட்பார்கள். உண்மையில் செய்தவருக்கு அக்கேள்விகள் எளியவை. விலைக்கு வாங்கிய புராஜெக்டைச் சமர்ப்பித்தவர் அங்கேயே அகப்பட்டுக்கொள்வார்.

கல்லூரிக்கு வெளியே செய்த வேலையும் இங்கு மதிப்புடையது. விடுமுறையில் மோட்டார் காயில் கட்டும் கடையில் உதவியாக இருந்தவர், தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய் அமைத்தவர் ஆகியோர் அதனைக் கூலி வேலை என்று எண்ணி விண்ணப்பத்தில் தவிர்த்துவிடுகின்றனர். பம்பு செட்டுத் தயாரிக்கும் நிறுவனத்தைப் பொறுத்தவரை, எரிந்துபோன மோட்டாரைக் கையால் பிரித்துப் பார்த்திருப்பது பயனுள்ள அனுபவமாகும்.

‘சப்ளி’யும் அரியரும்

கேரளக் கல்லூரி மாணவர்கள் ‘சப்ளி’ என்று அழைப்பதைத் தமிழக நிறுவனங்கள் ‘அரியர்’ என்கின்றன. ‘அரியர் உள்ளதா?’ என்ற கேள்வி இரு பொருள்படும். இப்போது தேர்ச்சி பெறாத பாடம் ஏதேனும் உள்ளதா என்பது ஒன்று. எப்போதேனும் தவறவிட்டுப் பின்னர் தேறிய பாடம் உள்ளதா என்பது மற்றொன்று. எது கேட்கப்படுகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டு விடை கூறுவது நல்லது. மதிப்பெண் பட்டியல் சரிபார்க்கப்படும்போது உண்மை வெளிப்படும் என்பதால், மறைப்பதால் பயனில்லை. ‘மூன்றாம் பருவத்தில் ஒரு பாடம் தவறியது. அடுத்த தேர்விலேயே தேறினேன்’ என்ற இரண்டு வாக்கியங்கள் போதும்.

மதிப்பெண் முறையிலும் வேறுபாடு உண்டு. கேரளத்தில் 2005-ஆம் ஆண்டு முதல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் கிரேடு முறை நடைமுறையில் உள்ளது. தமிழக நிறுவனங்களின் விண்ணப்பங்களோ 10-ஆம் வகுப்புச் சதவீதத்தைக் கேட்கின்றன. தாமாக ஓர் எண்ணை எழுதுவதைவிட, ‘கேரள வாரியம், கிரேடு முறை’ என்று குறிப்பிட்டு, கிரேடுகளுக்கான மதிப்பெண் வரம்பை இணைப்பதே பாதுகாப்பானது. பட்டப் படிப்பில் 10 புள்ளி அளவிலான சி.ஜி.பி.ஏ.-வைச் சதவீதமாக மாற்றும்போதும் பல்கலைக்கழகம் அறிவித்த வாய்பாட்டையே பயன்படுத்த வேண்டும். வெறுமனே 10-ஆல் பெருக்கினால் சான்றிதழ் சரிபார்ப்பின்போது முரண்பாடு ஏற்படக்கூடும்.

பெயரும் முகவரியும்

தமிழ்க் குடும்பங்களில் தந்தை பெயரின் முதலெழுத்தே இனிஷியலாக அமைவது வழக்கம். கேரளத்தில் வீட்டுப் பெயரின் முதலெழுத்தையும் சேர்ப்பதுண்டு. பள்ளிச் சான்றிதழில் ஒரு வகையாகவும், ஆதாரில் வேறு வகையாகவும் பெயர் பதிவாகியிருப்போர் எல்லையோரத்தில் உண்டு. இணையவழி விண்ணப்பங்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் எனத் தனித்தனியே கேட்கும்போது குழப்பம் கூடுகிறது. எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் உள்ள பெயரையே எல்லா விண்ணப்பங்களிலும் ஒரே வடிவில் எழுதுவதும், பிற ஆவணங்களை அதற்கேற்பத் திருத்திக்கொள்வதும் பின்னாளில் ஏற்படும் அலைச்சலைக் குறைக்கும்.

கேரள முகவரியைக் கண்டதும், ‘கோவையில் தங்கி வேலை பார்ப்பாரா?’ என்ற ஐயம் நிறுவனத்துக்கு எழக்கூடும். ‘கோயம்புத்தூரில் தங்கிப் பணிபுரிய ஆயத்தமாக உள்ளேன். தகவல் கிடைத்த ஒரு வாரத்தில் சேர இயலும்’ என்று கடிதத்திலேயே எழுதிவிடலாம். தோட்டப் பகுதியில் செல்பேசி அலைவரிசை சீராகக் கிடைக்காதவர்கள் மாற்று எண் ஒன்றையும் தர வேண்டும். தொலைபேசி நேர்காணல் என்றால் முன்கூட்டியே நேரம் கேட்டுப் பெற்று, அலைவரிசை கிடைக்கும் இடத்திற்குச் சென்று காத்திருப்பது நல்லது.

தமிழ்வழிக் கல்வியைச் சொல்லலாமா?

தமிழ்வழிப் பள்ளியில் படித்ததைச் சிலர் மறைக்க முயல்கின்றனர். அதற்குத் தேவையில்லை. பள்ளிப் படிப்பைத் தமிழில் முடித்து, நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பை ஆங்கிலத்தில் தேறியிருப்பதே கற்கும் திறனுக்குச் சான்றாகும்.

ஆங்கிலத்தில் தயக்கம் உள்ளவர்கள் இணையத்தில் கிடைக்கும் நீண்ட அறிமுகங்களை மனப்பாடம் செய்வதைத் தவிர்க்க வேண்டும். இடையில் ஒரு சொல் மறந்தால் முழுவதும் தடைபட்டுவிடும். சிறிய வாக்கியங்களில், தாமே எழுதியதைப் பேசுவதே நலம். கேள்வி புரியாவிட்டால் மீண்டும் கூறுமாறு கேட்பதில் தவறில்லை.

தமிழும் மலையாளமும் அறிந்திருப்பது எல்லையோரப் பட்டதாரிகளின் தனிச்சிறப்பு. ஆனால் அதனை வெறும் மொழிப் பட்டியலாகக் கூறாமல், வேலையோடு இணைத்துக் கூற வேண்டும். இரு மாநிலங்களிலும் வாடிக்கையாளர்களைக் கொண்ட நிறுவனத்தில், பாலக்காட்டு ஆலையிலும் பொள்ளாச்சி ஆலையிலும் பழுதுநீக்கச் செல்லும் சேவைப் பொறியாளர் இரு மொழிகளையும் அறிந்திருப்பது நேரடிப் பயன் தருவதாகும்.

அனுபவம் இல்லாதவர்களுக்கு என்ன வழி?

‘அனுபவம் உள்ளதா?’ என்ற கேள்விக்கு விடை தேடுவோருக்குத் தொழிற்பழகுநர் பயிற்சி ஒரு வழியாகும். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டு, பொறியியல் பட்டதாரிகளும் அதன்கீழ் கொண்டுவரப்பட்டனர். தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின்கீழ் உதவித்தொகையுடன் ஓராண்டுப் பயிற்சி பெறலாம். தென் மாநிலங்களில் இதனைச் சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் ஒருங்கிணைக்கிறது. ஓராண்டு அல்லது அதற்கு மேல் பணி அனுபவம் உள்ளவர்கள் இதில் சேர இயலாது. பயிற்சி முடிந்ததும் வேலை வழங்க வேண்டிய கட்டாயமும் பொதுவாக நிறுவனத்துக்கு இல்லை. ஆயினும், அடுத்த நேர்காணலில் எடுத்துக்கூற ஓராண்டுப் பணியும் அதற்கான சான்றிதழும் கிடைக்கும்.

பாலக்காடு மாவட்டத்தில் 1932-இல் பிறந்த ‘மெட்ரோ மனிதர்’ இ. ஸ்ரீதரனின் பணிவாழ்வும் சிறிய படிகளிலிருந்தே தொடங்கியது. காக்கிநாடாவில் பொறியியல் படித்த அவர், கோழிக்கோடு அரசு பாலிடெக்னிக்கில் சிறிது காலம் விரிவுரையாளராக இருந்தார். பின்னர் பம்பாய்த் துறைமுகத்தில் ஓராண்டு பழகுநராகப் பயிற்சி பெற்று, அதன்பின் ரயில்வே பணியில் சேர்ந்தார். 1964-ஆம் ஆண்டுப் புயலில் சேதமடைந்த பாம்பன் பாலத்தை 46 நாள்களில் சீரமைத்த பணியே அவரை நாடறியச் செய்தது.

மின்னஞ்சலில் கவனிக்க வேண்டியவை

மின்னஞ்சலின் பொருள் வரியில் பதவி, பட்டம், பெயர் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். தன்விவரக் குறிப்பு ஒரு பக்கத்திற்குள், பி.டி.எஃப். வடிவில், விண்ணப்பதாரரின் பெயரிலேயே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். கடிதம் நான்கைந்து வாக்கியங்களுக்கு மிகாமல் இருப்பது நல்லது. ஒரே கடிதத்தை ஐம்பது நிறுவனங்களுக்கு ஒரே முகவரி வரிசையில் அனுப்புவது, அவற்றைப் படிக்காமலேயே ஒதுக்கச் செய்துவிடும். ஒவ்வொரு கடிதத்திலும் அந்நிறுவனத்தின் தயாரிப்பைக் குறித்த ஒரு வாக்கியமேனும் இடம்பெற வேண்டும்.

பணம் கேட்டால் எச்சரிக்கை

வேலை தேடுவோரின் அவசரத்தைப் பயன்படுத்தி மோசடிகளும் நடைபெறுகின்றன. நேர்காணல் கட்டணம், பாதுகாப்பு வைப்புத்தொகை, பயிற்சிக் கட்டணம் என்ற பெயரில் முன்பணம் கேட்டால் அதனை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்குக் காட்டலாம். ஆனால் முன்பின் அறியாத இடைத்தரகர்களிடம் ஒப்படைக்கக் கூடாது. நியமனக் கடிதம் வந்தால், நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணைத் தொடர்புகொண்டு உறுதி செய்துகொள்ளலாம். இணையவழியில் பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்க வேண்டும்.

அடுத்த வாய்ப்புகள்

பாலக்காட்டில் தொழில் நகரம் அமைக்க மத்திய அமைச்சரவை 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. கொச்சி–பெங்களூரு தொழில் வழித்தடத்தின் ஒரு பகுதியாக, 1,710 ஏக்கர் பரப்பில், ரூ.3,806 கோடி மதிப்பீட்டில் இது திட்டமிடப்பட்டுள்ளது. இத்திட்டம் நிறைவேறும்போது எல்லையோரத்திலேயே பொறியாளர்களுக்கான தேவை உயரும் என எதிர்பார்க்கப்படுகிறது. ஆயினும், இந்த ஆண்டு பட்டம் பெற்றவர்கள் அதுவரை காத்திருக்க இயலாது என்பதே உண்மை.

நேர்காணலுக்கு ஆயத்தமாவோர் தங்கள் அறிமுகத்தை முதலில் வீட்டில் உள்ளவர்களிடம் தமிழில் கூறிப் பார்க்கலாம். பொறியியல் படிக்காத தாயோ தந்தையோ கேட்டு, ‘நீ செய்தது இதுதானா?’ என்று சரியாகத் திருப்பிச் சொன்னால் அறிமுகம் தெளிவாக உள்ளது என்று பொருள். அதன்பின் அதனையே எளிய ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவது பயனளிக்கும்.